முள்காட்டில் மாணவர் கேமரா

டெல்லி யூனியன் பிரதேச எல்லைக்குள் தேசியப் பூங்கா ஒன்றுகூட இல்லை. சென்னை மாணவருக்குக் கிண்டி தேசியப் பூங்கா டவுன் பஸ்ஸில் போய் இறங்கும் தூரம். டெல்லி மாணவர் ‘தேசியப் பூங்கா’ என்று பலகை வைத்த இடத்தைப் படம்பிடிக்க வேண்டுமென்றால், எல்லை தாண்டி ஹரியானாவின் சுல்தான்பூருக்குத்தான் போக வேண்டும். பலகை இல்லாத காடு தலைநகருக்குள்ளேயே நிறைய உண்டு. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி, தெற்கே துக்ளகாபாத் பக்கம் நுழைந்து, குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் பின்புறமாகப் போய், டெல்லிப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி யமுனைக்கரையில் முடிகிறது. டெல்லிவாசிகளுக்கு இது ‘ரிட்ஜ்’. மொத்தப் பரப்பு 7,700 ஹெக்டேருக்கும் மேல். செல்போனை ஆன் செய்து ‘எங்கள் ஊர்க் காடு’ என்று படமெடுக்கக் கிளம்பும் ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்த்த களம் இதுதான்.

களத்தின் அமைப்பு சிக்கலானது. வடக்கு ரிட்ஜ் 87 ஹெக்டேர். காலை நடைக்கு வருபவர்களும் குரங்குகளும் பங்குபோட்டுக் கொள்ளும் இடம். மத்திய ரிட்ஜ் 864 ஹெக்டேர். மெஹ்ரௌலிப் பகுதி 626 ஹெக்டேர். மீதியெல்லாம் தெற்கு ரிட்ஜ். 1994 மே மாதம் இந்திய வனச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் இவை காப்புக்காடாக அறிவிக்கப்பட்டன. அது முதல்கட்ட அறிவிக்கை மட்டுமே. இறுதி அறிவிக்கை பல பத்தாண்டுகள் இழுத்தது. தெற்கு ரிட்ஜுக்குள் இருக்கிறது அசோலா பட்டி வனவிலங்கு சரணாலயம். அசோலா 1986-லும் பட்டி 1991-லும் அறிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 32.71 சதுர கிலோமீட்டர். யமுனைக்கரையில் வஜீராபாத் பக்கம் டெல்லி வளர்ச்சி ஆணையமும் டெல்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2002 முதல் உருவாக்கிய யமுனா பல்லுயிர்ப் பூங்கா, உத்தரப்பிரதேச எல்லையில் ஓக்லா பறவைகள் சரணாலயம், ஹரியானாவில் சுல்தான்பூர் ஏரி. பள்ளிப் பேருந்து காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய இடங்கள் இவ்வளவு.

சுல்தான்பூர் பரப்பளவில்தான் சின்னது. மொத்தம் 1.42 சதுர கிலோமீட்டர். கிண்டிப் பூங்காவில் பாதி. 1970-களின் தொடக்கத்தில் பறவைகள் சரணாலயமாகி, பின்னர் தேசியப் பூங்காவாக உயர்ந்து, 2021-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. அது காப்பாற்றப்பட்டதற்குப் பின்னால் டெல்லியில் வாழ்ந்த பத்திரிகையாளரும் பறவை ஆர்வலருமான பீட்டர் ஜாக்சன் பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள், ஊசிவால் வாத்துகள், கிளுவைகள் எல்லாம் அங்கே இறங்கும். சாரஸ் கொக்கு ஜோடியும் அதிர்ஷ்டம் இருந்தால் தென்படும்.

1979: கேமரா இல்லாத மாணவர்கள்

டெல்லிப் பள்ளி மாணவர்களுக்கும் ரிட்ஜுக்கும் உள்ள உறவு செல்போன் காலத்தில் தொடங்கியதல்ல. 1979-இல் ரிட்ஜ் காடு அழிக்கப்படுவதையும் ஆக்கிரமிக்கப்படுவதையும் எதிர்த்துப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து இயக்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ‘கல்பவிருக்ஷ்’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பாக வளர்ந்தது. ஆஷிஷ் கோத்தாரி அந்தக் குழுவிலிருந்து வந்தவர்களில் அறியப்பட்ட பெயர். அவர்கள் கையில் இருந்தவை சார்ட் பேப்பர், கோஷம், மனு, நடைப்பயணம். ரிட்ஜில் கற்றுக்கொண்டதை வைத்து, சிப்கோ இயக்கம் நடந்த கட்வால் மலைகளுக்குப் போனார்கள். 1983-இல் நர்மதைப் பள்ளத்தாக்கு நெடுகப் பயணம் செய்து அணைத் திட்டத்தின் விளைவுகளை எழுதினார்கள். 1991-இல் டெல்லி ரிட்ஜின் சீரழிவைப் பற்றியே தனி நூல் வெளியிட்டார்கள்.

அந்தத் தலைமுறை விட்டுச்சென்றது எழுத்து. 1979-இல் ரிட்ஜின் எந்த மூலையில் எந்த மரம் நின்றது, எந்தப் பாறைமேல் முள்வேலி வந்தது என்று காட்டும் அசையும் படம் சாமானிய மாணவர் கையில் இருக்க வழியில்லை. பதினாறு மில்லிமீட்டர் பிலிம் அன்று அரசுத் துறைகளுக்கும் வசதி படைத்தவர்களுக்குமானது. இன்றைய மாணவர் வீடியோவின் உண்மையான மதிப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. முப்பது வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் சாட்சியாக நிற்கக்கூடிய பதிவை, பதினைந்து வயதுப் பிள்ளை இன்று இலவசமாக உண்டாக்க முடியும். உண்டாக்குகிறார்களா என்பது வேறு விஷயம்.

நீதிமன்றம் போட்ட விதை

படம் காட்டிச் சுற்றுச்சூழலைக் கற்பிக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் சட்ட அடித்தளம் போட்டதும் டெல்லி வழக்கறிஞர் ஒருவரின் மனுதான். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம், திரையரங்குகள் சுற்றுச்சூழல் ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும், வானொலியும் தூர்தர்ஷனும் தினமும் சில நிமிடம் ஒதுக்க வேண்டும், பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமாக வேண்டும் என்று உத்தரவிட்டது. படம் ஓடுவதற்குமுன் ‘மரம் வளர்ப்போம்’ ஸ்லைடு பார்த்த தலைமுறை அந்தத் தீர்ப்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அல்லது குறை சொல்ல வேண்டும். பாட விஷயம் ஏட்டளவில் கிடக்கவே, 2003-இல் அதே வழக்கில் நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, என்.சி.ஈ.ஆர்.டி. மாதிரிப் பாடத்திட்டம் தயாரிக்கச் செய்தது. இதற்கிடையில் 2001-இல் தேசிய பசுமைப் படை தொடங்கப்பட்டு, பள்ளிதோறும் ‘ஈகோ கிளப்’ வந்தது. இன்று மாணவர் வீடியோக்களில் பெரும்பகுதி இந்த மன்றங்களின் போட்டிக்காகவோ ப்ராஜெக்ட் மதிப்பெண்ணுக்காகவோ எடுக்கப்படுபவை.

மதிப்பெண் சமாச்சாரத்தில் வேடிக்கை ஒன்று உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கலையோடு இணைந்த ப்ராஜெக்ட் கட்டாயம்; ‘ஒரே பாரதம் உன்னத பாரதம்’ திட்டப்படி ஜோடி மாநிலத்தைப் பற்றியும் ஒன்று செய்தாக வேண்டும். டெல்லியின் ஜோடி சிக்கிம். ஆகவே ரோஹிணியிலும் துவாரகாவிலும் இருக்கும் பிள்ளைகள், 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவைப் பற்றி இணையத்திலிருந்து படங்களை எடுத்து ஒட்டி, பின்னணி இசை போட்டு வீடியோ செய்யலாம்; செம்பாண்டாவின் உணவுமுறையை ஒப்பிக்கலாம். வீட்டிலிருந்து மெட்ரோவில் போகிற தூரத்தில் திரியும் குள்ளநரியைப் பார்த்தே இராமல் பள்ளிப் படிப்பை முடித்துவிடவும் முடியும்.

தலைநகரின் படக்காரர்கள்

காட்டுயிர்ப் படம் எடுக்கும் தொழிலுக்கு டெல்லி பழைய இடம். நரேஷ் பேடி, ராஜேஷ் பேடி சகோதரர்கள் கங்கை முதலைகளைப் பற்றி எடுத்த படம் 1984-இல் பிரிட்டனின் வைல்ட்ஸ்கிரீன் விழாவில் விருது பெற்றது. மைக் பாண்டே குஜராத் கடற்கரையில் திமிங்கலச் சுறா வேட்டையைப் படமாக்கி 2000-இல் வெளியிட்ட ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’, அடுத்த ஆண்டே அந்த மீன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்வதற்குப் பெரிய காரணமாக அமைந்தது. ஒரு படம் சட்டத்தை அசைத்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய உதாரணம் இது. அவருடைய ‘எர்த் மேட்டர்ஸ்’ தொடர் தூர்தர்ஷனில் பல ஆண்டுகள் ஓடியது. ஊடக ஆய்வு மையமான சி.எம்.எஸ். 2002-இல் தொடங்கிய ‘வாதாவரண்’ விழா, சுற்றுச்சூழல் படங்களுக்கென்றே டெல்லியில் மேடை அமைத்தது.

மாணவர்களுக்கு இவர்களைவிட நெருக்கமான பாடம் ஷௌனக் சென் இயக்கிய ‘ஆல் தட் ப்ரீத்ஸ்’. காயம்பட்ட கரும்பருந்துகளுக்கு மருத்துவம் பார்க்கும் வஜீராபாத் சகோதரர்கள் இருவரைப் பற்றிய படம். 2022-இல் சன்டான்ஸிலும் கானிலும் பரிசு பெற்று, 2023 ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. அதே ஆஸ்கர் மேடையில்தான் முதுமலை தெப்பக்காட்டுப் பொம்மன், பெள்ளியின் கதையான ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணக் குறும்படப் பிரிவில் விருது வாங்கியது. முதுமலையில் யானையும் பனிமூட்டமும் கேமராவுக்குக் கைகொடுத்தன. டெல்லிப் படத்தில் இருப்பவை சாக்கடை, எலி, குப்பைமேடு, புகைமூட்டம், நிலவறையில் மருந்து கட்டும் இரண்டு பேர். இவற்றை வைத்து உலகத்தரப் படம் எடுக்கலாம் என்றால், ‘எங்கள் ஊரில் படமெடுக்க என்ன இருக்கிறது’ என்ற மாணவர் புலம்பலுக்கு இனி இடமில்லை.

மாணவர் வயதைக் கொஞ்சம் தாண்டியவர்களுக்கு முறையான பயிற்சி தரும் முயற்சி டெல்லியிலிருந்து கிளம்பி அசாமில் நிலைகொண்டது. டெல்லியில் ‘டஸ்டி ஃபுட்’ நிறுவனத்தை நடத்திவந்த படைப்பாளி ரீதா பானர்ஜி, வடகிழக்கு மாநிலங்களின் இளைஞர்களுக்காகத் தேஜ்பூரில் ‘கிரீன் ஹப்’ தொடங்கினார். ஆண்டுக்குச் சுமார் இருபது பேர். ஒரு வருடப் பயிற்சி. கேமரா, எடிட்டிங், காட்டுயிர் அறிவு மூன்றும் சேர்த்து. சொந்த ஊர்க் காட்டைச் சொந்த ஊர்க்காரரே படமெடுப்பது என்பதுதான் அதன் அடிப்படை. டெல்லிப் பள்ளிகள் எட்டிப்பார்க்க வேண்டிய முன்மாதிரி அது. சினிமா விழாக்களில் விருது வாங்குவதைவிட, படம் முடிந்தபின் அந்த இளைஞர் தன் கிராமத்துக்கே திரும்பிப் போவதைத்தான் அங்கே பெரிதாக நினைக்கிறார்கள்.

படத்தில் என்ன வருகிறது, என்ன வருவதில்லை

மாணவர் வீடியோக்களுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. சோகமான பியானோ, வெடித்த நிலம், புகைபோக்கி, துருவக்கரடி, ‘பூமித்தாய் அழுகிறாள்’ என்ற குரல், கடைசியில் மரக்கன்றோடு பிள்ளைகள் வரிசையாக நிற்கும் காட்சி. இவற்றில் முக்கால்வாசி இலவசக் காணொளிக் கிடங்குகளிலிருந்து எடுத்தவை. ரிட்ஜ் பற்றிய படம் என்ற பெயரில் வருவதில் ரிட்ஜின் ஒரு கல்கூடத் தெரியாது. இன்னொரு வகையறா பேய்க்கதை: மத்திய ரிட்ஜில் இருக்கும் துக்ளக் காலத்து மால்சா மஹால், பூலி பட்டியாரி மஹால் இரண்டும் இதற்குப் பலியான இடங்கள். பார்வைகள் குவியும், காட்டைப் பற்றி ஒரு வரி இருக்காது.

உபதேசத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணில் பட்டதைப் பதிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு டெல்லி மிருகக்காட்சி சாலையே போதும். 1959-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தின் குளங்களுக்கு அடுத்த ஆண்டிலிருந்தே மஞ்சள்மூக்கு நாரைகள் தாமாக வந்து கூடு கட்டுகின்றன. இவை கூண்டுப் பறவைகள் அல்ல; காட்டிலிருந்து வருபவை. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் நாம் பார்க்கும் அதே நாரை. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வந்து, குளத்து நடுவிலுள்ள தீவுகளின் மரங்களில் குச்சி அடுக்கி, குளிர்காலம் முழுக்கக் குஞ்சு வளர்க்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. உர்ஃபி இவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து தனி நூலே எழுதியிருக்கிறார். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று, ஒரே சட்டகத்தில் பத்து நிமிடம் எடுத்தால், ஐந்து மாதத்தில் ஒரு குடும்பத்தின் முழுக்கதை கையில் இருக்கும். குஞ்சின்மேல் வெயில் படாமல் தாய்ப்பறவை சிறகை விரித்து நிற்பதும், அலகில் கொண்டுவந்த நீரைக் குஞ்சுகள்மேல் சொட்டவிடுவதும் பொறுத்திருந்தவர்களுக்கு மட்டும் அகப்படும்.

அந்தக் கூடுகள் பெரும்பாலும் எந்த மரத்தில் இருக்கின்றன என்பது இன்னும் சுவாரஸ்யம். சீமைக் கருவேலம். டெல்லியில் ‘விலாயதி கீக்கர்’ என்று கரித்துக்கொட்டப்படும் அதே மரம். தமிழ்நாட்டில் 2017-இல் உயர் நீதிமன்றம் வரை போய் வேரோடு பிடுங்கச் சொன்ன அதே மரம். பிரிட்டிஷ் காலத்தில் தலைநகரைப் பசுமையாக்க இதை ரிட்ஜில் விதைத்தார்கள். இது நாட்டு மரங்களை ஓரம்கட்டிப் பாறைக்காட்டின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. ஆரவல்லிக்கே உரிய தௌ மரம், வெள்வேலம், புரசு, செங்கம், உகா என்று இருந்த இடமெல்லாம் ஒரே பச்சை. பேராசிரியர் சி.ஆர். பாபு தலைமையிலான பல்லுயிர்ப் பூங்காக் குழு இதை மொத்தமாக வெட்டித் தள்ளவில்லை. மேல்கிளைகளைக் கழித்து வெளிச்சம் இறங்கவிட்டு, அடியில் நாட்டு மரங்களை வளர்த்துப் படிப்படியாக மாற்றும் முறையைக் கையாண்டது. ஆக, ஒரே மரம் நாரைக்கு வீடு, புரசுக்கு எமன். ‘வில்லன் மரம்’ என்று தலைப்பு வைத்து இரண்டு நிமிடத்தில் முடிக்கிற வீடியோவில் இந்த முரண் அடங்காது. இதைச் சொல்ல முடிகிற மாணவர் உண்மையிலேயே காட்டைக் கவனித்தவர்.

அசோலாவும் இப்படிப் பல அடுக்கு கொண்டது. கட்டுமானத்துக்கான பதர்பூர் செம்மணலைத் தோண்டியெடுத்த பட்டிச் சுரங்கக் குழிகள் இன்று நீர்நிலைகள். 2007-இல் டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவுக்குப்பின் நகரத்துக் குரங்குகளைப் பிடித்து அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள். காட்டுக்குள் உணவு போட்டு வளர்க்கப்படும் விசித்திரக் கூட்டம் அது. அதே காட்டில் நீல்காய், குள்ளநரி, கழுதைப்புலி, சிறுத்தை எல்லாம் உண்டு. பாம்பே இயற்கை வரலாற்றுக் கழகம், பிஎன்ஹெச்எஸ், நடத்திய தானியங்கிக் கேமரா ஆய்வில் எட்டுச் சிறுத்தைகள் பதிவானதாக 2022-இல் செய்தி வந்தது. மாணவர் செல்போனில் சிறுத்தை விழாது. விழ வேண்டியதும் இல்லை. வனத்துறையும் கழகமும் சேர்ந்து சரணாலய வாசலில் நடத்தும் கல்வி மையத்தைச் சுற்றியுள்ள பட்டாம்பூச்சித் தோட்டம் செப்டம்பர், அக்டோபரில் போதும் போதும் என்கிற அளவுக்குக் காட்சி தரும்.

கைக்குள் அடங்கும் கருவி

செல்போன் லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் கொக்கு அதில் வெள்ளைப் புள்ளி. திரையை விரலால் விரித்துப் பெரிதாக்கினால் புள்ளி மங்கலான புள்ளியாகும். முதல் பயணத்தில் பெரும்பாலான குழுக்கள் சோர்ந்துபோவது இதில்தான். விவரம் தெரிந்த ஆசிரியர்கள் பறவையை விட்டுவிட்டுக் கைக்கெட்டும் விஷயங்களை எடுக்கச் சொல்கிறார்கள்: செங்கச் செடியில் பட்டாம்பூச்சிப் புழு, கரையான் புற்று, குவார்ட்சைட் பாறையில் ஊறும் எறும்பு வரிசை, மழை விழுந்த மறுநாள் பாறையிடுக்கில் தலைகாட்டும் பாசி. இவற்றுக்கு அந்த லென்ஸ் கனகச்சிதம். தூரத்துப் பறவை வேண்டுமென்றால் பைனாகுலரின் கண்பக்கத்தில் போனை ஒட்டிவைத்து எடுப்பது பழைய வித்தை. கை நடுங்காமல் இருக்கப் புத்தகப்பையை முட்டுக்கொடுக்க வேண்டும்.

படத்தைவிட ஒலிதான் மாணவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. காற்று மைக்கில் மோதும் ‘புஸ்’ சத்தம், பின்னால் நிற்பவர் சிரிப்பு, ரிட்ஜ் ரோடு ஹாரன். இதற்குப் பயந்து மொத்த ஒலியையும் துடைத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். எந்த இடத்தில் எடுத்தாலும் அரை நிமிடம் யாரும் பேசாமல், அசையாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் தனியாகப் பதிந்துகொண்டால் எடிட்டிங்கில் பாதிச் சிக்கல் தீரும். ஹாரனும் இருந்துவிட்டுப் போகட்டும். நகரத்துக் காட்டில் ஹாரன் கேட்பது பொய்யில்லை.

காலமும் ஒத்துழைக்க வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் இலவும் புரசும் சிவக்கும். மே மாதம் சரக்கொன்றை. அந்த மே மாத வெயிலில் போன் சூடேறித் தானே அணைந்துவிடும். வலசைப் பறவைகள் வந்திறங்கும் நவம்பரில்தான் காற்று நஞ்சாகிறது. 2024 நவம்பரில் நடந்ததுபோல் பள்ளிகளே ஆன்லைனுக்கு மாறிவிடும். பறவை வரும் மாதத்தில் பிள்ளைகள் வீட்டுக்குள் முடங்குவது தலைநகரின் தனிச் சோகம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. பத்து மணிக்குமுன் ஒன்றும் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் பள்ளியின் செல்போன் விதி வேறு. டெல்லிக் கல்வித்துறை 2023 ஆகஸ்டில் பள்ளி வளாகத்தில் போனைக் கட்டுப்படுத்தச் சுற்றறிக்கை விட்டது. முழுத்தடை நடைமுறைக்கு ஒவ்வாது, ஒழுங்குபடுத்துவதே சரி என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் நெறிகள் வகுத்தது. வீடியோ ப்ராஜெக்டும் கொடுத்து, போனையும் பிடுங்கி வைக்கும் பள்ளிகள் இனியாவது இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்கலாம். ஈகோ கிளப்புக்கென்று பள்ளியே இரண்டு போன் வாங்கிவைத்தால், போன் இல்லாத வீட்டுப் பிள்ளையும் கேமராவுக்குப் பின்னால் நிற்க முடியும்.

அனுமதி, எல்லை

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 28-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய யார் யாருக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது. வாழிடத்தை மாற்றாமலும் விலங்குகளுக்குக் கேடு செய்யாமலும் புகைப்படம், படப்பிடிப்பு நடத்தலாம் என்பது 2022 திருத்தத்தில் சேர்ந்த வாசகம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. தேசியப் பூங்காவுக்கும் இதே பிரிவு பொருந்தும். சீட்டு வாங்கிப் போகும் பார்வையாளர் செல்போனில் எடுப்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. டிரைபாட், மைக், சீருடையில் முப்பது பேர் என்று போனால் முன்கூட்டியே கடிதம் கொடுத்திருக்க வேண்டும். ட்ரோன் நினைப்பே வேண்டாம்: தலைநகர் வான்பரப்பில் கட்டுப்பாடுகள் கடுமை, பறவைக் கூடுகளுக்கு மேல் அது பறப்பது அனுமதி இருந்தாலும் அக்கிரமம். அசோலாவை ஒட்டிய பழைய சுரங்க ஏரிகளில் குளிக்க இறங்கிய இளைஞர்கள் பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். பிள்ளைகள் தனியாகப் போகும் இடம் அல்ல அது.

சட்டத்தில் எழுதப்படாத எல்லைகள் இன்னும் முக்கியம். ஆந்தைக் கூட்டின் இடத்தை வரைபடக் குறியோடு வெளியிட்டால், தீபாவளி மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிப்பவர்களுக்கு வழி சொல்லிக்கொடுத்தது போலாகும். குரங்குக்குப் பிஸ்கட் நீட்டி எடுக்கும் ரீல்ஸ், போனில் பறவைக் குரலை ஓடவிட்டு அதை வெளியே இழுப்பது, பாம்பை வாலைப் பிடித்துத் தூக்குவது எல்லாம் படமெடுக்கும் கணக்கில் சேராதவை. பிள்ளைகளின் முகத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்: 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்றே வரையறுத்து, பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளிப் பெயர், வகுப்பு, வீட்டுப் பகுதி மூன்றையும் வீடியோவில் எழுதிப்போடும் வழக்கத்தை நிறுத்திக்கொள்வது நல்லது.

பரிசுக்குப் பிறகு

போட்டி முடிந்ததும் மாணவர் வீடியோவுக்கு ஆயுள் முடிகிறது. யூடியூபில் நாற்பது பார்வைகளோடு கிடக்கும். அசல் காட்சிகளைப் போனில் இடமில்லை என்று அழித்திருப்பார்கள். வீணாவது அந்த அசல்தான். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் வீடியோ ஏறாது. படமும் ஒலியும் ஏறும். வீடியோவிலிருந்து தெளிவான ஒரு சட்டகத்தைப் பிரித்து, தேதி, இடத்தோடு பதிந்தால் அது எந்தப் பூச்சி, எந்தச் செடி என்று உலகின் எந்த மூலையிலிருந்தோ ஒருவர் சொல்லிவிடுவார். மற்றவர்களும் அதை ஒப்புக்கொண்டால் அது ஆய்வுத் தரவாகிறது. பறவை என்றால் ஈபேர்ட். பிப்ரவரியில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கல்வி வளாகங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

தேதியிட்ட காட்சிக்கு வேறொரு பயனும் உண்டு. 2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜில் சாலையை அகலப்படுத்த, உச்ச நீதிமன்ற அனுமதி இல்லாமல் சுமார் 1,100 மரங்கள் வெட்டப்பட்டன. அது நீதிமன்ற அவமதிப்பு என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்து, டெல்லி வளர்ச்சி ஆணைய அதிகாரிகளுக்கு அபராதம் விழுந்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் நேற்றுவரை அங்கே என்ன நின்றது என்பதே முதல் கேள்வி. ஒரு சாலையோரத்தை மாதாமாதம் ஒரே கோணத்தில் எடுத்து வைத்திருக்கும் பள்ளி மன்றத்திடம் அதற்குப் பதில் இருக்கும்.

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் தொடங்கிய மரபில் இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. மந்திர் மார்க் பள்ளியிலிருந்து மத்திய ரிட்ஜ் நடந்து போகும் தூரம். புரசும் வெள்வேலமும் உகாவும் தமிழில் பெயர் உள்ள மரங்கள். அந்தப் பெயர்களைச் சொல்லியே ரிட்ஜைப் பற்றி ஒரு தமிழ்க் காணொளி எடுக்க அந்தப் பிள்ளைகளைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

வீடியோ எடுக்க நினைக்கும் பள்ளிகளுக்குச் சில வேண்டுகோள்கள். அசல் காட்சிகளை அழிக்காதீர்கள். கோப்புப் பெயரில் தேதியையும் இடத்தையும் எழுதிப் பள்ளிக் கணினியில் ஒரு பிரதி, பூங்கா அலுவலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். முதல் வருடம் எந்தப் போட்டிக்கும் அனுப்பாதீர்கள். சுல்தான்பூர் வழக்கமாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும். அக்டோபரில் திறந்ததும் போக வேண்டுமானால் அனுமதிக் கடிதத்தை ஆகஸ்டிலேயே கொடுத்துவிடுங்கள்.